விளிம்புகள் சுத்தம்

குடும்பநல மாது றிஸ்மியா
போனில் சொன்னது இரண்டே வசனம்.
"ரிப்போட் வந்திருக்கு. ஒருக்கா வந்திட்டுப் போங்க."
வைத்த பிறகுதான் யோசித்தேன்,
நல்ல ரிப்போட்டுக்கு யார் போன் எடுப்பார்கள்?

நில அளவைத் திணைக்களத்தில்
பத்தொன்பது வருடமாகப் படம் வரைகிறேன்.
கும்புறுப்பிட்டி, குச்சவெளி, கப்பல்துறை,
எந்தக் காணியிலும் ஒரு பக்கத்தில்
யாரோ கல்லைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார்கள்.
மெல்லிய பேனையால் அதைப் பிடிப்பது என் தொழில்.
அன்று பின்னேரம்
ஒரு கோடும் நேராக விழவில்லை.

உப்புவெளிக் கிளினிக்கில்
றிஸ்மியா ஒரு துண்டில் கருப்பை வரைந்தார்.
தலைகீழாய்ப் பிடித்த கத்தரிக்காய்.
காம்புப் பக்கம்தான் கழுத்து.
கழுத்தில் ஒரு புள்ளடி.
"கலங்கள் மாறத் தொடங்கியிருக்கு. புற்றுநோய் எண்டு சொல்லேல்ல.
விட்டா வருசக்கணக்கில வரலாம், வராமலும் போகலாம்.
விடாம இருக்கத்தானே கூப்பிட்டனான்."
கடிதத்தில் அச்சடித்திருந்தது: அசாதாரணம்.
என் வாழ்க்கையில் எனக்கு யாரும்
இவ்வளவு பெரிய சொல் சூட்டியதில்லை.

வைரஸ் என்றால் எங்கிருந்து என்று
ஜெயசீலன் கேட்கவில்லை.
கேட்காததை இரவு முழுக்கப் புரண்டு புரண்டு கேட்டார்.
நானும் அவரைக் கேட்கவில்லை.
அது இருபது வருடம்கூடப் பேசாமல் இருக்குமாம்.
எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது,
எந்த டொக்டராலும் சொல்ல முடியாதாம்.
இந்த ஊரில்
அப்படிப் பேசாமல் இருந்தவை எத்தனை.
விடியத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.
சீனி போட மறந்திருந்தார். குடித்தேன்.

பெரியாஸ்பத்திரி வாங்கில்
பக்கத்தில் மூதூர் பரீதா.
"பல்லுப் பிடுங்குறதவிட லேசு" என்று
என் கையைத் தட்டிச் சொன்னவர்,
தன் பெயரைக் கூப்பிட்டதும்
செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்.

டொக்டர் ஹன்சமாலி தமிழ் பழகுகிறார்.
"மூச்சு விடுங்க அம்மா. விடுங்க. நல்லம்."
பஞ்சில் வினாகிரி.
அச்சாறு போடும் அதே மணம்.
மாறிய இடம் வெள்ளையாகும் என்று
திரையை என் பக்கம் திருப்பினார்.
நாற்பத்தைந்து வயதில்தான் பார்க்கிறேன்,
இரண்டு பிள்ளைகள் வந்த வாசலை.
இளஞ்சிவப்பு. ஈரம்.
ஓரத்தில், படத்தில் விடுபட்ட தீவாய்
ஒரு வெள்ளைத் திட்டு.
எனக்கு உடனே அளவெடுக்கத் தோன்றியது.

நெல்மணி அளவு கிள்ளி அனுப்பினார்கள்.
நாலு கிழமை.
அதை எழுத ஒன்றுமில்லை. நாலு கிழமை.

பிறகு அந்த ஊசி. நெஞ்சு திடுதிடுவென்று ஓடியது,
மருந்தின் குணம் என்றார்கள்.
மயிர் போன்ற கம்பி வளையம்,
வண்டு பறக்கும் இரைச்சல்,
ஏதோ கருகும் மணம். அது நான்.
கூரைத் தகட்டின் நீர்க்கறையில்
கொட்டியாரக் குடாவைத் தேடினேன்.
சங்கமத்தில் கங்கை மூன்றாய்ப் பிரிவதற்குள்
"முடிஞ்சுது" என்றார்.

நாலு கிழமை பாரம் தூக்கக் கூடாது.
கடல் கூடாது. கன்னியாக் கிணறும் கூடாது.
அதுவும் கூடாது.
அதை டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நேர்ஸ் தமிழில் சொல்ல,
மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
காஸ் சிலிண்டரை ஜெயசீலன் தூக்கினார்.
அது இவ்வளவு பாரம் என்று
முதல்முறையாக எனக்கு அறிவித்தார்.

இன்றைக்கு முடிவு வந்தது.
வெட்டிய துண்டின் விளிம்புகள் சுத்தம்.
அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்,
அளவையாளர் கையொப்பம் தேடுகிறவள் போல.
ஆறு மாதத்தில் திரும்ப வரவேண்டும்.
திகதியைப் பென்சிலால்தான் எழுதித் தந்தார்கள்.

பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
என் பைக்குள் மூக்கை விட்டது.
கிளினிக் அட்டையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு
கீரைக் கட்டைத் தின்னவிட்டேன்.